பட்டறை பதில்கள்: கிக்கரைத் தேடிய கால்

போன இதழில் பழைய ஜாவா மோட்டார் சைக்கிளின் கிளட்ச் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. எங்கே தொடங்கினாலும் எல்லாரும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்: பல வருடம் நின்றுபோய்த் திரும்பப் புதிதாக வந்திருக்கும் ஜாவா நம்ம ஜாவாதானா? அதனால் இந்த முறை மற்ற வண்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

1969-ல் வாங்கிய ஜாவாவை 22 வருடம் ஓட்டியவன் நான். புது ஜாவாவை ஷோரூமில் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஸ்டார்ட் செய்து காட்டியபோது அந்தச் சத்தம் இல்லை. உருவத்தை இவ்வளவு அச்சாகக் கொண்டுவந்தவர்கள் சத்தத்தை ஏன் விட்டார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

ஐயா, 2019-ல் வண்டி கடைக்கு வந்தபோது நானும் பார்க்கப் போனேன். கூட இரண்டு பேர். மூன்று பேருமே எழுபதுகளில் என் மாமாவின் பட்டறையில் ஒன்றாகத் தொழில் கற்றவர்கள். மெரூன் நிறம், டாங்க்கின் பக்கவாட்டில் குரோமியம், அதை ஒட்டித் தங்கக் கோடு, முட்டை மாதிரி உருண்ட இன்ஜின் கவர், இரண்டு பக்கமும் நீண்ட சைலன்சர். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்களில் மூத்தவர் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருடைய இடது கால் கியர் லிவரைத் தேடிப் போய், அதை இன்ஜின் பக்கமாக அமுக்கப் பார்த்தது. லிவர் அசையவில்லை. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜாவா ஓட்டாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஜாவாவில் கியரும் கிக்கரும் ஒரே லிவர்தான். வண்டி நியூட்ரலில் இருக்கும்போது அதை உள்ளே அமுக்கி, மேலே தூக்கிப் பின்னால் திருப்பினால் கிக்கர். உதைத்து ஸ்டார்ட் ஆனதும் முன்பக்கம் கொண்டுவந்து விட்டால் கியர் லிவர். கியர் போட லிவரை மிதிக்கும்போதே உள்ளே கிளட்ச் தானாக விலகும். கையில் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றிக்கொண்டு போகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பதினாலு வயதில் எனக்கு மாமா முதலில் சொல்லிக்கொடுத்தது அந்த லிவரைத் திருப்புவதைத்தான். புது வண்டியில் கிக்கரே கிடையாது, செல்ஃப் மட்டும்தான்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். உங்கள் ஜாவா டூ ஸ்ட்ரோக். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. புது ஜாவா ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஒரே வேகத்தில் சுற்றினாலும் இதில் பாதி தடவைதான் வெடிக்கும். சைலன்சரை எப்படி மாற்றினாலும் அந்தக் கணக்கு மாறாது. அதோடு, பழையதில் ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோல் ஒரு சுற்றில் எரியும், அடுத்த சுற்றில் எரியாது. அதனால்தான் இறக்கத்தில் போகும்போது "பட்… பட்பட்… பட்" என்று விட்டுவிட்டு வரும். உங்கள் காதில் இன்னும் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். என் காதிலும் அதுதான் இருக்கிறது.

டூ ஸ்ட்ரோக்கையே திரும்பச் செய்திருக்கலாமே என்றால், முடியாது. அந்த இன்ஜினில் எரிந்த புகை வெளியே போகிற வாசல் திறந்திருக்கும்போதே புதுப் பெட்ரோலும் உள்ளே வருகிறது. அதில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். பெட்ரோலில் கலந்த ஆயிலும் சேர்ந்து எரியும். நமக்குப் பிடித்த அந்த வாசனை இந்த இரண்டும் சேர்ந்ததுதான். பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது வருடம் அந்தப் புகையைச் சுவாசித்தவன் நான். இன்றைய மாசு விதிகளுக்குள் அந்த இன்ஜின் அடங்காது, அது சரிதான் என்றுகூடச் சொல்வேன்.

ஒன்றை மட்டும் அவர்கள் விடாமல் பிடித்திருக்கிறார்கள். பழைய ஜாவாவில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு எக்ஸாஸ்ட் வாசல், இரண்டு சைலன்சர். புதிதிலும் ஒரே சிலிண்டர்தான், ஆனால் இரண்டு பக்கமும் குழாய் இறங்குகிறது. ஒரு குழாய் போதும் என்று முடித்திருந்தால் செலவும் எடையும் மிச்சமாகியிருக்கும். அப்படிச் செய்யவில்லை. அதற்காக என் வணக்கம்.

வண்டி ஆர்வலர்கள் கூடும்போதெல்லாம் சண்டைதான். "இது மஹிந்திராவின் மோஜோ பைக் இன்ஜினுக்கு ஜாவா சட்டை போட்டது, ஏமாற்று வேலை" என்கிறார் ஒருவர். "பேர் இருந்தால் போதும்" என்கிறார் இன்னொருவர். உங்கள் தீர்ப்பு என்ன?
– கல்லூரி மாணவர், சேலம்

தம்பி, முதல் ஆள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2018 நவம்பர் 15-ல் மும்பையில் அறிமுகமான ஜாவாவின் 293 சி.சி. இன்ஜினுக்கு அடிப்படை மோஜோவின் இன்ஜின்தான். லிக்விட் கூலிங், 27 குதிரைத்திறன். கிளாசிக் லெஜண்ட்ஸ் என்ற நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. அதில் பெரும்பங்கு மஹிந்திராவுடையது. வண்டி தயாராவது மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில். முன்னால் ஒரு ரேடியேட்டர் ஒளிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள்.

ஆனால் "அதனால் இது ஜாவா இல்லை" என்றால், ஜாவா என்ற பெயர் எப்படி வந்தது என்று அவரைக் கேளுங்கள். செக் நாட்டுப் பிராகாவில் ஃபிரான்டிஷெக் யானெசெக் என்பவர் துப்பாக்கித் தளவாடம் செய்துகொண்டிருந்தார். 1929-ல் அவர் மோட்டார் சைக்கிள் தொழிலுக்கு வந்தபோது கையில் சொந்த வண்டி இல்லை. வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் 500 சி.சி. வண்டியை உரிமம் வாங்கித்தான் தொடங்கினார். ஆங்கில எழுத்தில் யானெசெக்கின் (Janecek) முதல் இரண்டு எழுத்து, வாண்டரரின் (Wanderer) முதல் இரண்டு எழுத்து, இரண்டும் சேர்ந்து ஜாவா (Jawa). அடுத்தவருடைய இன்ஜினோடு பிறந்த பெயர் அது, பெயருக்குள்ளேயே அந்தக் கதை இருக்கிறது.

நம் ஊர்களில் ஓடியதும் அப்படித்தான். ருஸ்தம் இரானி மைசூரில் தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை செக் நாட்டிலிருந்து உரிமம் பெற்று 1961 முதல் வண்டி செய்தது. அதை யாராவது செக் வண்டி என்றா சொன்னோம்? மைசூர் ஜாவா என்று நம்முடையதாக்கிக்கொண்டோம். 1996-ல் அந்தத் தொழிற்சாலை மூடியபோது அங்கே பின்னாளில் செய்த யெஸ்டி வண்டிகள் ஏழு மதுரையில் என் பட்டறையில் நின்றுகொண்டிருந்தன. இனிமேல் பிஸ்டனுக்கு எங்கே போவது என்று அன்று சாயங்காலம் ஏழு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது வந்திருக்கும் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் ருஸ்தம் இரானியின் மகன் போமன் இரானி. ரத்த சம்பந்தம் இருப்பதால் மட்டும் வண்டி நன்றாக இருந்துவிடாது, அதுவும் எனக்குத் தெரியும்.

என்னைக் கேட்டால், இன்ஜின் யாருடையது என்று சண்டை போடுவதை விட்டு, வாங்கியவரை எப்படி நடத்தினார்கள் என்று கேட்கலாம். 2018 டிசம்பரிலேயே, அடுத்த செப்டம்பர் வரை தரவேண்டிய வண்டிகள் விற்றுவிட்டன என்று இணையத்தில் முன்பதிவை நிறுத்தினார்கள். பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் என்னிடமே வந்து புலம்பியிருக்கிறார்கள். இருபது வருடம் கழித்து ஒரு பெயரைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் முதலில் போதுமான வண்டியைச் செய்து வைத்துக்கொண்டு கடையைத் திறந்திருக்க வேண்டும். என் கோபம் அதில்தான்.

யெஸ்டி என்றால் என்ன? ஜாவாவும் யெஸ்டியும் ஒன்றா?
– குடும்பத்தலைவி, கும்பகோணம்

ஒரே மைசூர் தொழிற்சாலைதான் அம்மா. செக் உரிமம் முடிந்ததும் 1973 வாக்கில் யெஸ்டி என்று பெயர் மாறியது. இரானில் யஸ்த் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். 2022 ஜனவரியில் யெஸ்டி பெயரிலும் புது வண்டிகள் வந்துவிட்டன.

அப்பா 1980-களில் யெஸ்டி ரோட்கிங் வைத்திருந்தார். என் படிப்புக்காக விற்றுவிட்டார். வரும் தை மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். புது ஜாவா வாங்கித் தர நினைக்கிறேன். அவருக்குப் பிடிக்குமா?
– மென்பொருள் பணியாளர், ஓசூர்

உங்கள் மனசுக்கு முதலில் ஒரு வாழ்த்து. ஆனால் திடீரென்று வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடாதீர்கள். முன்னாலேயே அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காரணம் எடை. ரோட்கிங் ஏறக்குறைய 140 கிலோ. 2018-ல் வந்த ஜாவா 170 கிலோ. 2024-ல் வந்த 334 சி.சி. ஜாவா 350 அதைவிடக் கனம், 190-ஐத் தாண்டும், சீட்டும் முதலில் வந்ததைவிட உயரம். ஓடும்போது தெரியாது. வீட்டு வாசலில் பின்னால் தள்ளித் திருப்பும்போது இடுப்பு சொல்லிவிடும். வண்டியை நிறுத்திவிட்டு அவரே தள்ளித் திருப்பட்டும், நீங்கள் உதவிக்குப் போகாமல் பாருங்கள். அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

அப்புறம் பிரேக். அவருக்குப் பழக்கம் இரண்டு பக்கமும் டிரம் பிரேக். முன் பிரேக்கை முழுக் கையால் பிடித்தால்தான் அந்த வண்டி நிற்கும். டிஸ்க் பிரேக்கை அந்தப் பலத்தோடு பிடித்தால் ஆள் முன்னால் சாய்வார். ஏ.பி.எஸ். இருப்பதால் சக்கரம் பூட்டாது, ஆனாலும் அவர் மிரண்டுவிடுவார். இரண்டு விரலால் பிடிக்கப் பழக்குங்கள். காலியான ரோட்டில் நாலு காலைப்பொழுது போதும்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். அவருக்கு வேண்டியது ஒரு வண்டியா, அல்லது விற்றுப்போன அந்த ரோட்கிங்கா? பழைய பதிவு எண் நினைவிருந்தால் தேடலாம். என் பட்டறைக்கு வந்த ஒருவர் 26 வருடம் கழித்துத் தன் சொந்த வண்டியையே தேனிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மோட்டார் ரூமில் கண்டுபிடித்தார். அப்படிக் கிடைத்தால் மறுபதிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

என் யெஸ்டிக்கு லிட்டருக்கு எவ்வளவு ஆயில் கலக்கலாம்? எத்தனால் பெட்ரோல் கெடுக்குமா?
– கடை உரிமையாளர், காரைக்குடி

லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி, டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான நல்ல டூ-டி ஆயில். சிலிண்டரைப் புதிதாகக் கடைந்த (ரீபோர் செய்த) இன்ஜின் என்றால் 50 வரை, அதுவும் முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மட்டும்.

எத்தனால் விஷயம் கவனிக்க வேண்டியதுதான். இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் ஈரம் சேர்ந்து டாங்க் அடியில் தனியாகத் தங்கி, துருப்பிடிக்க வைக்கும். நம் வண்டிக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. ஆயில் பெட்ரோலோடுதான் இருக்கும், அடியில் தங்கிய தண்ணீரோடு சேராது. அந்தத் தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் உராய்வுக்கு ஆயிலே இருக்காது. வாரத்துக்கு இரண்டு நாள் ஓட்டுங்கள். ஓட்ட முடியாவிட்டால் டாங்க், கார்பரேட்டர் இரண்டையும் காலி செய்துவிடுங்கள். பழைய பெட்ரோல் டியூபையும் இப்போதே மாற்றுங்கள், மெதுமெதுவென்று ஊறிப்போயிருக்கும்.

என் கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவருடைய ஜாவா தார்ப்பாய் மூடி வீட்டில் நிற்கிறது. புது ஜாவா வந்த பிறகு அதைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், நல்ல விலையும் சொல்கிறார்கள். பத்தொன்பது வயது மகன் விற்கக்கூடாது என்கிறான். சாவி தொலைந்துவிட்டது. அது இனி ஓடுமா?
– ஆசிரியை, நாகர்கோவில்

அம்மா, விற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். ஓடுமா என்று தெரியாமல் விலை பேசாதீர்கள். வருகிறவர்கள் அது ஓடாது என்ற கணக்கில்தான் விலை சொல்வார்கள்.

சாவிக்குக் கவலை வேண்டாம். பழைய ஜாவாவின் சாவி ஆணி மாதிரி ஒன்றுதான். அவசரத்துக்கு ஆணியையே செருகி ஓட்டியிருக்கிறோம்.

யாரையும் கிக்கரை உதைக்க விடாதீர்கள். இத்தனை வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும், பலமாக உதைத்தால் ரிங் உடையும். மகனிடம் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். அந்த ஓட்டை வழியாக இரண்டு கரண்டி டூ-டி ஆயில் விட்டு இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். மூன்றாம் நாள் லிவரை அமுக்கித் திருப்பி, காலால் இல்லாமல் கையால் மெதுவாக அழுத்தட்டும். இறங்கினால் இன்ஜின் உயிரோடு இருக்கிறது. இறங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் ஆயில், இன்னும் இரண்டு நாள். அவசரப்பட வேண்டாம்.

இறங்கினாலும் உடனே ஸ்டார்ட் செய்யக்கூடாது. டாங்க்கில் இருக்கும் பழைய பெட்ரோலைக் கொட்டிக் கழுவ வேண்டும். கிராங்க்கின் இரண்டு பக்க ஆயில் சீலும் காய்ந்து கெட்டியாகியிருக்கும், அவற்றை மாற்றாமல் ஓட்டினால் காற்று இழுத்து இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

காகித வேலையையும் சேர்த்துச் செய்யுங்கள். ஆர்.சி. புத்தகம் இன்னும் கணவர் பெயரில்தான் இருக்கும். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். வைத்துக்கொண்டாலும் விற்றாலும் இது தேவை. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுத்து, ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்பாருங்கள்.

ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு ஜாவா-யெஸ்டி தினம். ஊர் ஊராகப் பழைய வண்டிகளை எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். வண்டி ஓடாவிட்டாலும் பரவாயில்லை, மகனை அங்கே அனுப்பிவையுங்கள். எந்தச் சாமான் எங்கே கிடைக்கும் என்று அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

கையால் அழுத்தும்போது லிவர் இறங்கியதா என்று இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். இறங்கியிருந்தால் சீல் இரண்டையும் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.