மேயரை நாமே தேர்ந்தெடுக்க முடியாதா?

கேள்வி: 2022-ல் வரிசையில் நின்று கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டேன். இரண்டரை வருஷத்துக்குள் திருநெல்வேலி மேயரே மாறிவிட்டார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏன்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயருக்கென்று தனி ஓட்டு இருந்தது. 2006-ல் அதை எடுத்துவிட்டு, கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும்படி மாற்றினார்கள், மறுபடி மக்களுக்குக் கொடுத்தார்கள், 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி எடுத்தார்கள். ஆட்சியில் இருப்பவர்களுக்கு எது தோதோ அதுதான் விதி என்று ஆகிவிட்டது. மேயர் ஒரு கட்சி, மன்றத்தில் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் ஒரு தீர்மானமும் நிறைவேறாது என்பதுதான் அப்போது சொன்ன காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊரையே பாருங்கள். 55 வார்டில் 51 திமுக கூட்டணிக்கு, அதிமுகவுக்கு வெறும் 4. இதைவிடப் பெரும்பான்மை எங்கே கிடைக்கும்? அப்படியிருந்தும் மேயர் சரவணனுக்கும் அவருடைய சொந்தக் கட்சி கவுன்சிலர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. 2024 ஜனவரியில் அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள், கடைசியில் ஓட்டெடுப்புக்கு யாரும் வராமல் அது விழுந்தது. ஜூலையில் அவர் ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் கவுன்சிலர்களுக்குள் நடந்த மேயர் தேர்தலில் கட்சி நிறுத்திய ராமகிருஷ்ணனுக்கு 30 ஓட்டு, அவரை எதிர்த்து நின்ற அதே கட்சிக் கவுன்சிலருக்கு 23 ஓட்டு!

அந்த 23 பேர் யார் யார் என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அது ரகசிய வாக்கெடுப்பு. ரகசியம் இருந்ததால்தான் தலைமையை மீறிப் போடும் தைரியம் வந்தது என்பதும் உண்மைதான், யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரிவதற்காகக் கையை உயர்த்திப் போடச் சொன்னால் எல்லாரும் மாவட்டச் செயலாளர் முகத்தைப் பார்த்துத்தான் உயர்த்துவார்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்த முறைக்குள் என்ன ஒட்டுவேலை செய்தாலும் சரிவராது, மேயர் ஓட்டு மக்களிடமே திரும்பி வர வேண்டும்.

கேள்வி: மேயருக்கு அப்படி என்ன அதிகாரம் இருக்கிறது? எல்லாம் கமிஷனர்தானே?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: பாதி சரி. நிர்வாகம் அரசு நியமிக்கிற கமிஷனர் கையில்தான். ஆனால் மன்றம் கூடினால் தலைமை மேயருக்கு, பட்ஜெட்டும் வரி உயர்வும் மன்றத்துக்குத்தான் வரும். 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை மன்றமே இல்லாமல் தனி அதிகாரிகள் நடத்தினார்களே, அப்போது தெருவில் பாதாளச் சாக்கடை பொங்கினால் நீங்கள் யாரைப் பிடித்துக் கேட்டீர்கள்? இப்போது கேட்க ஒரு கவுன்சிலராவது இருக்கிறார். அடுத்த முறை அவர் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, அக்கம்பக்கத்தாரையும் நிறுத்திவைத்துக்கொண்டு, "மேயராக யாரை ஆதரிப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல மழுப்பினால், ஓட்டு யாருக்கு இல்லை என்பதை அங்கேயே முடிவு பண்ணிவிடலாம்.