தென்னையில கருவண்டா செவ்வண்டா? கேட்டவங்களுக்குப் பதில்

தென்னம்பிள்ளையப் பத்திக் கேட்ட எல்லாருக்கும் இங்கயே பதில் போடுறன்.

களுவாஞ்சிக்குடித் தம்பி: அண்ணன், புது ஓலை விரியக்குள்ள கத்திரியால வெட்டின மாதிரி இருக்கு, செவ்வண்டா?

இல்ல தம்பி, கருவண்டு. தலையில கொம்பு இருக்கும். ராவில வந்து விரியாத குருத்தத் துளைச்சு சாறு குடிக்கும், ஓலை மடிஞ்சு கிடக்கக்குள்ள போட்ட ஓட்டதான் விரிஞ்சாப்பிறகு ரெண்டு பக்கமும் வெட்டாத் தெரியுது. வட்டில, அதாவது மரத்தின்ட உச்சியில, ஓட்டையும் சக்கையும் கண்டா கொக்கி வளைச்ச கம்பிய விட்டு இழுத்தெடுங்க, பிறகு மட்டைக் கவுட்டுக்குள்ள பூச்சி உருண்டை 3, 4 போட்டு மணலால மூடுங்க.

காத்தான்குடியிலருந்து: ரெண்டில எது மோசம் அண்ணன்?

செவ்வண்டுதான், சந்தேகமே வேணாம். கருவண்டில வளர்ந்த வண்டுதான் மரத்தக் கடிக்கும், அதுட புழு எருவிலயும் உக்கின குத்தியிலயும் கிடக்கும். செவ்வண்டில தலகீழ். செங்கபில நிறம், நீண்ட வளைஞ்ச மூக்கு, காயத்தில முட்டைய இட்டுட்டுப் போயிடும், காலில்லாத புழு தண்டுக்குள்ளயே இருந்து திண்டு கொண்டு போகும், கனநாளைக்கு வெளிய ஒண்டும் தெரியாது. தண்டில மண்ணிறத் தண்ணி வடியுதா, மென்ட நார் தள்ளுதா எண்டு பாருங்க, காதை வெச்சா கறுகறுவெண்டு கேக்கும். வட்டு சரிஞ்சாப்பிறகு ஆரக் கூப்பிட்டும் பிரயோசனமில்ல. தண்டில மருந்து ஏத்துறத ஊகத்தில செய்யாம தெங்கு பயிர்ச்செய்கைச் சபை ஆக்களக் கேட்டுச் செய்யுங்க.

தம்பிலுவில் அக்கா: கருவண்டு கடிச்ச மரத்திலயே இப்ப செவ்வண்டுப் புழு தம்பி, எப்பிடி?

கருவண்டு போட்ட காயத்தின்ட வாசத்துக்குத்தான் அக்கா அது வருது. கத்திக் காயமும் அப்பிடித்தான், நம்மட ஆக்கள் வடிவா இருக்கட்டுமெண்டு பச்சை மட்டைய தண்டோட ஒட்ட வெட்டுவாங்க, அது வேணாம், வெட்டியே ஆகணுமெண்டா ஒரு 4 அடி விட்டு வெட்டுங்க. காயத்துக்குத் தார் பூசுங்க.

வாழைச்சேனையிலருந்து: வாசத்தால வண்ட இழுத்துப் பிடிக்கிற பொறி வாளி ஒண்டு வாங்கினா ரெண்டும் விழுமா?

விழாது. ஒவ்வொண்டுக்கும் வேற வேற வாசம், கேட்டு வாங்குங்க. தென்னம்பிள்ளைகளுக்குக் கிட்டக் கட்டினா ஊர் வண்டையெல்லாம் நீங்களே கூப்பிட்டதாப் போயிடும், தள்ளிக் கட்டுங்க.

ஆரையம்பதித் தம்பி: எருக்கும்பியில சுருண்ட வெள்ளப் புழு கிடக்கு அண்ணன், செவ்வண்டா?

செவ்வண்டுப் புழு எருவுக்குள்ள இருக்காது. சுருண்டு, முன்னுக்குக் காலோட, பெரிசாக் கிடந்தா கருவண்டெண்டு எடுத்துக்கொள்ளுங்க. எருவக் கிளறிக் கோழிய விடுங்க. மட்டக்களப்பில 1978 சூறாவளிக்குச் சரிஞ்ச தென்னையக் கண்ட ஆக்களுக்குத் தெரியும் எவ்வளவு குத்தி விழுமெண்டு, அதுகள உக்க விட்டா அங்கதான் இதுகள் பெருகும், பிளந்து காயவெச்சு எரிச்சிடுங்க.