புதுப் பிஸ்டல் ‘க்ளிக்’ என்று நின்றால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தற்காப்புக்காக உரிமம் எடுத்து, இடுப்பில் வைத்துக்கொள்ள 9 மி.மீ. சிறிய பிஸ்டல் ஒன்று புதிதாக வாங்கினேன். ஸ்ட்ரைக்கர் வகை, அதாவது சுத்தியல் இல்லாமல் உள்ளே ஸ்பிரிங்கால் ஓடும் ஊசியே தோட்டாவைக் குத்தி வெடிக்க வைப்பது. சுடுதளத்தில் மூன்று பெட்டித் தோட்டா சுட்டுப் பார்த்ததில் ஏழெட்டு முறை ‘க்ளிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. அந்தத் தோட்டாக்களை எடுத்து மறுபடி போட்டால் பாதி வெடிக்கின்றன. கடைக்காரர், “புதுசுதானே, ஓட ஓடச் சரியாகிவிடும்” என்கிறார். கூடச் சுடும் நண்பர், “ஸ்பிரிங்கை மாற்று” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் தள்ளி வையுங்கள். வெடிக்காத தோட்டாக்களைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறீர்களா? உங்கள் வழக்கில் சாட்சி அவைதான்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ‘க்ளிக்’ கேட்டதும் பிஸ்டலைத் திருப்பி, குழலுக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கூடவே கூடாது. தோட்டாவின் அடியில் அடிபட்டதும் தீப்பற்ற வேண்டிய பிரைமர் தாமதமாகப் பற்றிக்கொள்வது அபூர்வம்தான், ஆனால் நடக்கும். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க 30 வினாடி காத்திருந்து, பிறகு மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) உருவி, ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதியை) இழுத்துத் தோட்டாவை வெளியே எடுங்கள். இன்னொன்று இதைவிட மோசமானது. வழக்கமான வெடிச் சத்தத்துக்குப் பதில் ‘புஸ்’ என்று ஒரு சத்தம், கையில் உதைப்பே இல்லை என்றால், தோட்டாவில் வெடிமருந்து இல்லை அல்லது போதவில்லை என்று அர்த்தம். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதற்குப் பின்னால் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். அன்றைக்குச் சுடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, குழல் காலியாக இருப்பதை உறுதி செய்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும்.

இப்போது சாட்சியை விசாரிப்போம். தோட்டாவின் அடியில் நடுவே இருக்கும் சிறு வட்டம்தான் பிரைமர். ஸ்ட்ரைக்கர் அதைக் குத்தியதும் குழி விழும். ஒழுங்காக வெடித்த நாலைந்து காலிக் கேஸ்களை (சுட்ட பின் மிஞ்சும் தோட்டா உறைகளை) பொறுக்கி, வெடிக்காதவற்றின் பக்கத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். வெடித்ததில் இருக்கிற அதே ஆழம் வெடிக்காததிலும் இருந்தால், பிஸ்டல் தன் வேலையைச் செய்துவிட்டது, குறை தோட்டாவில். குழி மேலோட்டமாக, நகத்தால் அழுத்தியது போல் இருந்தால் அடி பலமாக விழவில்லை. குழி நடுவில் இல்லாமல் ஓரமாக விழுந்திருந்தால், ஸ்லைடு கடைசி மயிரிழை தூரம் மூடாமல் நின்ற நிலையில் அடி விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். குழியே இல்லையென்றால் ஸ்ட்ரைக்கர் உடைந்திருக்கலாம், அல்லது எங்கோ மாட்டிக்கொண்டிருக்கலாம். அதை நீங்கள் கையில் எடுக்க வேண்டாம்.

பெரும்பாலான ஸ்ட்ரைக்கர் பிஸ்டல்களில் விசையை இரண்டாம் முறை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, ஸ்லைடை இழுத்தால்தான் ஸ்ட்ரைக்கர் மறுபடி தயாராகும். நீங்கள் தோட்டாவை எடுத்துவிட்டு மறுபடி போட்டதாக எழுதியிருப்பது அதனால்தான். அப்படிப் போட்டதில் பாதி வெடித்ததற்கு இரண்டு காரணம் சொல்லலாம். பிரைமர் தன் பள்ளத்தில் முழுதாக அமராமல் இருந்து, முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகி, இரண்டாம் அடியில் பற்றியிருக்கலாம். வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டாக்களில் இது சகஜம். அல்லது அடியே பலவீனமாக இருந்து, இரண்டு அடி சேர்ந்து ஓர் அடியின் வேலையைச் செய்திருக்கலாம்.

பலவீனமான அடிக்கு, புதுப் பிஸ்டலில் நான் முதலில் சந்தேகப்படுவது எண்ணெயை. துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசி அனுப்பும் கெட்டிப் பசை ஸ்ட்ரைக்கர் ஓடும் துளைக்குள் தங்கிவிடும். வாங்கியவரும் ஆசையாக இரண்டு சொட்டு விடுவார். ஸ்ட்ரைக்கர் அந்தப் பசையைக் கிழித்துக்கொண்டு ஓடுவதற்குள் வேகம் குறைந்துவிடும், குளிர்காலத்தில் இன்னும் மோசம். அந்தத் துளை காய்ந்து கிடக்க வேண்டிய இடம். கையேடு பிரிக்க அனுமதித்தால் பிரித்துத் துடைத்து உலர விடுங்கள். அனுமதிக்காவிட்டால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஆனால் பிஸ்டலில் தெரியும் பசையையெல்லாம் வழித்து எடுப்பதும் சரியல்ல. உதாரணமாக, கிளாக் பிஸ்டலின் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் பூசப்பட்டிருப்பதை அப்படியே விடச் சொல்கிறது அதன் கையேடு. ஆகவே கையேட்டைப் படித்துவிட்டுத் துணியை எடுங்கள்.

துடைத்த பிறகு வேறொரு தயாரிப்பின் தொழிற்சாலைத் தோட்டா இரண்டு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். எல்லாப் பிரைமரும் ஒரே கடினம் அல்ல. ராணுவத் தரத்தில் செய்தவை பொதுவாகக் கெட்டியானவை. ஒரு தயாரிப்பில் மட்டும் தகராறு என்றால் விடை கிடைத்துவிட்டது. எல்லாவற்றிலும் என்றால் பிஸ்டலைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

இனி அந்த இருவர் விஷயம். ஓட ஓடச் சரியாகும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முதல் 200 தோட்டா சுட்டு முடிக்கும்வரை நம்ப வேண்டாம் என்று கையேட்டிலேயே எழுதும் தயாரிப்பாளர்கள் உண்டு. இறுக்கமான ஸ்பிரிங் இளகும், உரசும் இடங்கள் வழுவழுப்பாகும், தோட்டா ஏறுவதில் இருக்கும் சுணக்கம் அதனால் குறையும். ஆனால் பலவீனமான அடி ஓட ஓடப் பலமாகாது. ஸ்பிரிங் ஓடினால் தளரத்தான் செய்யும். கடைக்காரர் சொன்னது உங்கள் கோளாறுக்கான மருந்தே இல்லை. நண்பர் சொன்னபடி ஸ்பிரிங்கை மாற்றினாலோ உத்தரவாதத்துக்கு வேட்டு. விசையை இலகுவாக்க விற்கும் மாற்று ஸ்பிரிங்குகள்தான் பல பிஸ்டல்களில் இந்த ‘க்ளிக்’ நோயையே கொண்டுவருகின்றன.

கேள்வி: என் பிஸ்டலோடு இரண்டு மேகசின் வந்தன. பயிற்சித் தோட்டா எதிலும் பிரச்சினை இல்லை. தற்காப்புக்கென்று வாங்கிய குழிமுனைத் தோட்டா (முனையில் குழி உள்ள குண்டு கொண்டது) மட்டும் அவ்வப்போது மூக்கு இடித்துப் பாதியில் நிற்கிறது. தோட்டா மேகசினிலிருந்து குழலுக்குள் ஏறும் சரிவை மெருகேற்றினால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பாலிஷ் என்று ஆரம்பிப்பார்கள், கோணமே மாறிவிடும். போன உலோகம் திரும்பி வராது.

மேகசின்களில் 1, 2 என்று பெயிண்டால் எண் எழுதுங்கள். எந்த எண்ணில், எத்தனையாவது தோட்டாவில் நின்றது என்று ஒரு தாளில் குறியுங்கள். தகராறு ஒரே மேகசினில் திரும்பத் திரும்ப வந்தால், அதன் வாய் மடிப்பு விரிந்திருக்கும் அல்லது ஸ்பிரிங் சரியில்லை. புது மேகசின் வாங்கினால் முடிந்தது கதை. என் அனுபவத்தில், தோட்டா ஏறாத கோளாறுகளில் பிஸ்டலைத் திட்டுவதற்கு முன் மேகசினைத் திட்டுவது நியாயமாகவே இருந்திருக்கிறது. இரண்டிலும் வந்தால் வேறு வடிவக் குழிமுனையைப் போட்டுப் பாருங்கள். சிலவற்றின் வாய் அகலம், சிலவற்றில் குழியை மென்மையான பொருளால் நிரப்பி முனையை உருட்டியிருப்பார்கள். பின்னது சுலபமாக ஏறும். 1911 மாதிரி என்கிற பழைய அமெரிக்க ராணுவ .45 அங்குலப் பிஸ்டல் உருண்டை முனைத் தோட்டாவுக்காக வடிவமைக்கப்பட்டது. அதே பழைய அளவில் செய்தவை குழிமுனையை ஏற்க அடம் பிடிப்பது நெடுநாள் கதை.

ஒன்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் சேம்பரில் (குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா அமரும் இடத்தில்) இருக்கும் தோட்டாவை எடுப்பதும், காலையில் அதையே மறுபடி ஏற்றுவதுமாக இருப்பவர்கள் அதைப் பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தோட்டாவோடு உயரம் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு முறையும் மூக்கு சரிவில் மோதி, குண்டு கேஸுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உயரம் குறைந்தால் ஏறுவதில் தடுமாறும். அதைவிட, உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். குட்டையாகிப்போனதைச் சுடாதீர்கள், தனியே ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: நான் சுட்டால் ஒரு கோளாறும் இல்லை. என் மனைவி சுடும்போது மட்டும் காலிக் கேஸ் ஸ்லைடில் செங்குத்தாக மாட்டிக்கொள்கிறது. பிடி சரியில்லை, மணிக்கட்டை இறுக்கு என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு எரிச்சல்தான் மிச்சம். பிஸ்டல் அவளுக்காக வாங்கியது.

பதில்: அவர் எரிச்சல்படுவதில் நியாயம் இருக்கிறது. ஸ்லைடு பின்னால் முழுத் தூரம் ஓட, கீழே கைப்பிடியோடு இருக்கும் சட்டம் (ஃபிரேம்) அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் சட்டமும் கூடவே பின்னால் போகும். ஸ்லைடின் ஓட்டம் குறைந்து, கேஸ் வெளியே தெறிக்காமல் சிக்கும். எடை குறைந்த பிளாஸ்டிக் சட்டம் கொண்ட சிறு பிஸ்டல்களில் இது அதிகம். இதுவரை நீங்கள் சொன்னது சரிதான்.

ஆனால் இடுப்பில் வைக்கிற பிஸ்டலை வாங்கியது எதற்கு? அவசரத்தில், ஒற்றைக் கையில், ஒருவேளை அடிபட்ட கையில் சுட நேரலாம். சுடுதளத்தில் நின்று நிதானித்துப் பிடித்தால் மட்டுமே ஓடும் பிஸ்டல் அந்த வேலைக்கு உதவாது. முதலில் தோட்டாவை மாற்றுங்கள். மலிவான 115 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) பயிற்சித் தோட்டாக்களில் பல மென்மையாக நிரப்பப்பட்டவை, ஸ்லைடைத் தள்ளும் பலம் மட்டாக இருக்கும். 124 கிரெயினில் கொஞ்சம் வேகமானதை, கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள், அவரையே சுடச் சொல்லுங்கள். பிறகு நீங்களும் இடது கையால் மட்டும் ஒரு மேகசின் சுட்டுப் பாருங்கள். உங்களுக்கும் சிக்கினால் குற்றம் யாருடையது என்பது தெரிந்துவிடும். அப்படியானால் ஒரு சுற்றுப் பெரிய, கொஞ்சம் கனமான பிஸ்டலை அவர் கையால் எடுத்துப் பார்த்து, அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: துரு விடுவிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைத் தினமும் பிஸ்டலில் அடித்துத் துடைக்கிறேன். நல்லதுதானே?

பதில்: தோட்டா உள்ளே இருக்கும்போதா? இடுக்கில் ஊடுருவுவதற்கென்றே செய்த எண்ணெய் பிரைமருக்குள்ளும் இறங்கி அதைச் சாகடிக்கலாம். நிறுத்துங்கள். ஸ்லைடு ஓடும் தண்டவாளத்தில், கையேடு காட்டும் இடங்களில் மட்டும் ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய். அதுவும் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு. நனைந்த தோட்டாக்களை இனி நம்ப வேண்டாம்.

கேள்வி: கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர முடியாது என்கிறார். தயாரிப்பாளரிடம் அனுப்பினால் ‘கோளாறு ஏதும் தென்படவில்லை’ என்று திரும்பி வந்துவிடுமோ என்று பயம். எத்தனை தோட்டா சுட்ட பிறகு ஒரு பிஸ்டலை நம்பலாம்?

பதில்: ஒரு தோட்டா சுட்டுவிட்டாலே அது பழைய துப்பாக்கி என்பது கடைகளின் கணக்கு. அங்கே வாதாடி நேரத்தை வீணாக்காமல் உத்தரவாதத்தைப் பிடியுங்கள்.

‘அடிக்கடி சுடவில்லை’ என்று மட்டும் எழுதினால் நீங்கள் பயப்படும் பதில்தான் வரும். அவர்கள் தங்களிடம் இருக்கும் தோட்டாவில் ஒரு மேகசின் சுட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். எந்தத் தயாரிப்புத் தோட்டா, பெட்டியில் அச்சிட்ட லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) என்ன, எந்த மேகசின், மொத்தம் எத்தனை சுட்டு எத்தனை நின்றது, ஸ்லைடு முழுதாக மூடியிருந்ததா, இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பிரைமர் குழியை வெடித்ததோடு சேர்த்து வைத்துக் கிட்டத்தில் படம் எடுத்து இணையுங்கள். அதைப் பார்த்த பிறகு ‘தென்படவில்லை’ என்று எழுதக் கை கொஞ்சம் கூசும்.

அனுப்புமுன் சீரியல் எண்ணைக் கொண்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் நீங்களே பாருங்கள். 2017 ஆகஸ்டில் சிக் சவர் நிறுவனம், கீழே விழுந்தால் சுடலாம் என்ற புகாருக்குப் பிறகு, தன் பி320 பிஸ்டல்களுக்கு இலவச மாற்றம் செய்து தருவதாக அறிவித்தது. அதற்குப் பெயர் ‘விருப்ப மேம்பாடு’. ‘குறைபாடு’ என்ற சொல்லைத் தேடுபவர் கண்ணில் அது படாது. உலகின் பெரிய துப்பாக்கிச் சந்தையான அமெரிக்காவில், நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிகள் மேல் அதிகாரமே கிடையாது. பொம்மையையும் மிக்சியையும் திரும்பப் பெறச் சொல்ல முடிந்த அந்த ஆணையத்தால் பிஸ்டலைத் தொட முடியாது. அதனால் யாராவது தேடிவந்து சொல்வார்கள் என்று இருக்காதீர்கள்.

எத்தனை தோட்டா என்பதற்குச் சட்டமோ தர விதியோ இல்லை, பழக்கம்தான். என் கணக்கு: துடைக்காமல் தொடர்ச்சியாக 200 பயிற்சித் தோட்டா, பிறகு இடுப்பில் வைக்கப்போகும் அதே தோட்டாவில் 50, அவற்றை இடுப்பில் வைக்கப்போகும் எல்லா மேகசின்களிலும் பிரித்துப் போட்டு. நடுவில் ஒன்று நின்றால், காரணத்தைக் கண்டு சரிசெய்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். குழிமுனை விலை கசக்கும்தான், ஆனாலும் இந்த 50-இல் சிக்கனம் பார்க்காதீர்கள். பழுது பார்த்துத் திரும்பி வந்த பிஸ்டலுக்கும் இதே கணக்குத்தான். அது முடியும்வரை அதை இடுப்பில் வைக்க வேண்டாம்.

பெட்டியில் தோட்டா எதையும் வைத்து அனுப்பாதீர்கள், படம் போதும். எப்படி, யார் மூலம் அனுப்ப வேண்டும் என்பதை உரிம விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். மேகசின்களை மட்டும் மறக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் தங்கள் மேகசினைப் போட்டுச் சுட்டுப் பார்த்தால் உங்கள் கோளாறு அங்கே வராமலே போகலாம்.