தினமும் 5 மணி நேரம் மட்டும் தூங்கினால் தசையும் வலிமையும் கூடுமா?

உடற்பயிற்சியும் புரத அளவும் சரியாக இருக்கும்போது, இரவில் 5 மணி நேரம் மட்டும் தூங்குவதால் தசை வளர்ச்சி தடைபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடியோடு தடைபடாது, ஆனால் நீங்கள் படும் பாட்டுக்கு உரிய பலன் கிடைக்காது. அந்த இழப்பு எளிதில் கண்ணில் படாது என்பதுதான் இதில் உள்ள சங்கடம். பணி நேரம் மாறியதால் ஏறக்குறைய நான்கு மாதங்கள் உங்களைப் போலவே அரைத்தூக்கத்தோடு எடை தூக்கியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் பயிற்சிக் குறிப்பேட்டில் அந்த மாதங்களின் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. ஒழுங்காகத் தூங்கிய காலத்தில் 90 கிலோ ஸ்குவாட்டுக்கு (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) நான்கு செட்டுகளில், அதாவது இடையில் ஓய்வு விட்டுச் செய்யும் நான்கு சுற்றுகளில், 8, 8, 8, 7 என்று ரெப்புகளை (ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை முறை தூக்கினேன் என்பதை) குறித்திருக்கிறேன். தூக்கம் குறைந்த பிறகு அதே எடைக்கு 8, 7, 5, 4 என்று இருக்கிறது. முதல் செட்டில் எந்த மாற்றமும் இல்லாததால், வலிமை குறையவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கடைசி செட்டுக்குப் பக்கத்தில் 'இன்று மனமில்லை' என்று மூன்று வாரங்களில் ஆறு முறை கிறுக்கி வைத்திருக்கிறேன். படுக்கைக்குப் போன நேரத்தை ஒரு நாள்கூடக் குறிக்கவில்லை.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமன்று. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எட்டு ஆண்களை மூன்று இரவுகள் தலா 3 மணி நேரம் மட்டும் தூங்கவைத்து எடை தூக்கச் சொன்னார்கள். கைத்தசைக்கான கர்ல் பயிற்சியில் அவர்கள் தூக்கிய உச்ச எடை பெரிதாகக் குறையவில்லை. பெஞ்ச் பிரஸ், லெக் பிரஸ், டெட்லிஃப்ட் போன்ற, பல தசைகள் சேர்ந்து உழைக்கும் பெரிய பயிற்சிகளில் குறைந்தது. உச்ச எடையைவிட, அதற்குக் கீழான எடையைத் தூக்கும்போதுதான் பாதிப்பு அதிகமாகத் தெரிந்தது; இரண்டாம் இரவுக்குப் பிறகு அது மேலும் கூடியது. ஒரே ஒரு முறை பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவதற்கு உடல் இணங்கிவிடுகிறது. செட் மேல் செட்டாகத் தொடரும்போது கைவிட்டுவிடுகிறது. தசை வளர்வதோ பெரும்பாலும் அந்தத் தொடர்ச்சியான, களைப்பின் விளிம்பு வரை செல்லும் செட்டுகளால்தான்.

ஜிம்முக்கு வெளியே நடப்பது வேறொரு கதை. உண்ட புரதத்தைத் தசை தன்னுடையதாக மாற்றிக்கொள்ளும் வேகமே தூக்கமின்மையால் குறைகிறது. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இரவு முழுவதும் விழித்திருந்த இளம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தசைப் புரத உருவாக்கம் 18 சதவீதம் குறைந்தது. தசையைச் சிதைக்கத் தூண்டும் அழுத்த ஹார்மோனான கார்டிசோல் 21 சதவீதம் கூடியது. தசை வளர்ச்சிக்கு உதவும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 24 சதவீதம் இறங்கியது. முழு இரவும் விழித்திருப்பதும் 5 மணி நேரம் தூங்குவதும் ஒன்றல்ல என்பதால், இந்த எண்களை அப்படியே உங்கள் நிலைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. உங்கள் நிலைக்கு நெருங்கியது 2020இல் வந்த மற்றோர் ஆய்வு. அதில் ஐந்து இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருந்த இளைஞர்களுக்குத் தசை நார்களில் புரதம் உருவாகும் வேகம் குறைந்தது. ஆனால் அதே நாட்களில் தீவிர இடைவெளிப் பயிற்சி (சிறிது நேரம் கடும் வேகம், சிறிது நேரம் ஓய்வு என்று மாறி மாறிச் செய்வது) செய்த பிரிவினருக்கு அந்த வேகம் குறையாமல் நின்றது. உங்கள் கேள்விக்கு 'வளராது' என்று நான் ஒரேயடியாகச் சொல்லாததற்கு இதுவே காரணம்: தூக்கம் கெட்டவன் பயிற்சியையும் கைவிட்டால் இரட்டை நட்டம்.

ஹார்மோன்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கிய பத்து இளைஞர்களுக்குப் பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்ததாகச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2011இல் காட்டியது உண்மைதான். வளர்ச்சி ஹார்மோனின் பெரும்பகுதி முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில் சுரக்கிறது என்பதும் உண்மைதான். ஆயினும் இவற்றை மட்டும் வைத்து அச்சமூட்டும் காணொளிகளை நான் பொருட்படுத்துவதில்லை. உடற்பயிற்சி செய்யும் ஆரோக்கியமான ஒருவருக்குக் கடைசி செட்டுகளில் விட்டுப்போகும் ரெப்புகளே பெரிய இழப்பு என்பது என் கணிப்பு.

நீங்கள் எடையைக் குறைக்க உணவைக் கட்டுப்படுத்தும் காலத்தில் இருந்தால் இந்த விஷயம் இன்னும் தீவிரமாகிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், கூடுதல் எடை கொண்ட பத்துப் பேர் ஒரே அளவு குறைந்த உணவை இரண்டு வாரம் எட்டரை மணி நேரப் படுக்கை நேரத்தோடும், மற்றோர் இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரப் படுக்கை நேரத்தோடும் உண்டார்கள். இரண்டு முறையும் ஏறக்குறைய 3 கிலோ இறங்கியது. ஆனால் நிறையத் தூங்கியபோது போன கொழுப்பு 1.4 கிலோ, குறைவாகத் தூங்கியபோது 0.6 கிலோ மட்டுமே. மீதி எடை, தசையும் நீரும் அடங்கிய கொழுப்பற்ற பகுதியிலிருந்து போனது. அவர்கள் எடைப் பயிற்சி செய்தவர்கள் அல்லர் என்பதால் உங்களுக்கு இழப்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம். இருந்தாலும், எடை பார்க்கும் இயந்திரத்தில் இரண்டு முடிவுகளும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

செய்யக்கூடியது என்ன? பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பதே தூக்க மருத்துவ அமைப்புகளின் பரிந்துரை. அது இப்போதைக்கு இயலாது என்றால், வாரத்தில் ஐந்து நாள் பயிற்சியை நான்காகக் குறைத்து, அந்த ஒரு நாள் அதிகாலை அலாரத்தை நிறுத்திவிடுங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். பின்னர் இரவிலும் முன்னதாகப் படுத்துச் சராசரியை ஆறே முக்கால் மணி நேரத்துக்குக் கொண்டுவந்தபோது, ஐந்தாவது வாரத்தில் நான்காவது செட் மீண்டும் 7 ரெப்பைத் தொட்டது. ஒரே ஓர் இரவு தூக்கம் கெட்டதற்காகப் பயிற்சியை ரத்து செய்ய வேண்டியதில்லை. அன்று டெட்லிஃப்டில் புதிய உச்சத்தை முயலாமல், இரண்டு செட் குறைத்துக்கொண்டு வீடு திரும்பினால் போதும். பயிற்சிக்கு முன் குடிக்கும் காஃபின் பானங்களிலும் கவனம் வேண்டும்: படுக்கைக்கு 6 மணி நேரம் முன்பு எடுத்துக்கொண்ட 400 மில்லிகிராம் காஃபின்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைப் பறித்ததாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. மாலைப் பயிற்சிக்காரர்கள் பலர் இந்தச் சுழலில்தான் சிக்கியிருக்கிறார்கள். தூக்கமில்லாததால் காஃபின், காஃபினால் தூக்கமில்லை.

குறிப்பேட்டில் ரெப்புகளுக்குப் பக்கத்தில் முந்தைய இரவு தூங்கிய நேரத்தையும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். 8 மணி நேரம் படுத்திருந்தும் கடைசி செட்டுகள் சரிகின்றன, காலையில் தலை கனக்கிறது, குறட்டை பலமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றால், பயிற்சித் திட்டத்தை மாற்றிக்கொண்டிருக்காமல், தூக்கத்தில் மூச்சுத் தடை ஏற்படுகிறதா என்று மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கழுத்து பருத்த பளுதூக்குபவர்களுக்கு இது அரிதான சிக்கலன்று.