வெள்ளை கலந்தால் நிறம் வெளிறுகிறதே, ஏன்?

கேள்வி: ஆங்கில ஓவியர் வில்லியம் ஹென்றி ஹன்ட்டின் வாட்டர்கலர் ஓவியங்கள் பிடித்துப்போய், சமையலறை மேசையில் பழங்களோடு உட்கார்ந்திருக்கும் சிறுவனை வரைகிறேன். பளபளப்புக்காக நிறத்தில் வெள்ளையைக் கலந்தால் பழம் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகிவிடுகிறது. அவருக்கு எப்படி வந்தது?

பதில்: பழத்தின் ஒளிக்கு ஹன்ட் (1790–1864) வெள்ளையை நிறத்தோடு கலக்கவில்லை, நிறத்துக்கு அடியில் வைத்தார். வாட்டர்கலரில் வெளிச்சம் மெல்லிய நிறத்தைத் தாண்டிப்போய், தாளின் வெண்மையில் பட்டுத் திரும்புகிறது. நிறத்துக்குள் வெள்ளையைக் கலந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஹன்ட் ஒளி வேண்டிய இடத்தில் கெட்டி வெள்ளையை வைத்து, கல்போல் காயவிட்டு, அதன்மேல் கலப்பில்லாத நிறத்தைச் சிறு புள்ளிகளாகவும் கோடுகளாகவும் இட்டார். தாளைவிட வெண்மையான ஒரு தளம் அவருக்குக் கிடைத்துவிட்டது! 1834இல் வின்சர் அண்ட் நியூட்டன் என்ற வண்ண நிறுவனம் கொண்டுவந்த சைனீஸ் ஒயிட் என்ற வெள்ளைதான் இதற்குக் கைகொடுத்தது. அது துத்தநாக ஆக்சைடு. பழைய ஈய வெள்ளைபோல நாளடைவில் கறுக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ட்யூபிலிருந்து எடுத்த சைனீஸ் ஒயிட்டில் ஓரிரு துளி கம் அரபிக் (வேல மரப் பிசின்) சேர்த்து, தண்ணீரைக் கூடியவரை குறைத்து, பழத்தின் ஒளிபடும் பகுதியில் வையுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஈரக்காற்று என்றால் இரண்டு நாள். அப்புறம்தான் நிறம். காய்ந்த வெள்ளையும் தண்ணீர் பட்டால் கரையும் என்பதால், ஒரு இடத்தை ஒரே தொடுகையில் முடித்துவிடுங்கள். திரும்பத் தேய்த்தால் வெள்ளை கிளம்பி நிறத்தோடு கலந்து, பழைய சுண்ணாம்புதான் மிஞ்சும். நான் ஆரம்பத்தில் கெடுத்த படங்களெல்லாம் இந்த அவசரத்தில் கெட்டவைதான்.

சரி, சிறுவனின் முகம்? அங்கே இந்த வெள்ளைத் தளம் வேண்டாம், தோல் மெழுகுப் பொம்மைபோல ஆகிவிடும். தாளின் வெண்மையே போதும். இன்னொரு ஆங்கில வாட்டர்கலர் ஓவியரான மைல்ஸ் பர்கெட் ஃபாஸ்டரைப் பாருங்கள். மரச்செதுக்குப் பட்டறையில் பயின்றவர். கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் நுணுக்கமாகப் புள்ளியிட்டே உருவங்களைத் திரட்டினார். முகத்துக்கு அந்த வழி பொருந்தும்.

நிறம் ஏறிப்போன இடத்தில் மீண்டும் வெளிச்சம் வேண்டுமென்றால், ஈரப்படுத்தி ஒற்றி எடுக்கலாம். கத்தி முனையால் சுரண்டலாம். ஆங்கில ஓவியர் ஹெலன் அலிங்ஹாம் தன் குடிசைப் படங்களில் இப்படிச் சுரண்டியே ஒளி எடுத்தார். தாள் மட்டும் கனமாக, பசையேற்றியதாக இருக்க வேண்டும். மெல்லிய தாள் கத்திக்குத் தாங்காது.