விற்பனை வேலையிலிருந்து தொண்டு நிறுவன நிதி திரட்டலுக்கு வந்து, ஆலோசகராக முடியுமா?

ஏழு வருடம் விற்பனையில் இருந்திருக்கிறீர்கள், 'ஆட்களிடம் பேசத் தெரியும், அது போதுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பேசத் தெரிந்தது உதவும், ஆனால் போதாது. தமிழில் உதவி கேட்பதற்கும் காது கொடுத்துக் கேட்பதற்கும் ஒரே சொல்தான். இந்த வேலையில் இரண்டாவது கேட்பதுதான் அதிகம்.

நான் இதில் 14 வருடமாக இருக்கிறேன். கடைசி 5 வருடம் ஆலோசகராக. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மாதாமாதம் தவறாமல் சிறு தொகை அனுப்பிவந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் திடீரென்று நிறுத்திவிட்டார். போன் செய்தேன். "கணவர் இறந்து எட்டு மாதமாகிறது. உங்களுக்கும் எழுதித் தெரிவித்தேன். நன்றிக் கடிதம் இன்னும் அவர் பெயருக்கே வருகிறது. உறையைப் பார்த்தாலே பிரிக்கக் கை வருவதில்லை" என்றார். குரலில் கோபமே இல்லை. தேடிப் பார்த்தேன். அவர் எழுதிய கடிதம் எங்கள் கோப்பில் பத்திரமாக இருந்தது. கணினிப் பட்டியலில் மட்டும் யாரும் பெயரை மாற்றவில்லை. கையால் மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பினேன். அவர் மறுபடி நன்கொடை தரவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது.

அதனால்தான் இன்றும் ஒரு நிறுவனம் என்னை அழைத்தால், போன வருடம் கொடுத்து இந்த வருடம் கொடுக்காதவர்களின் பட்டியலைத்தான் முதலில் கேட்கிறேன். பணம் வந்து எத்தனை நாளில் ரசீதும் நன்றியும் போகின்றன என்பது அடுத்த கேள்வி.

ஆலோசகர் வேலையில் கடினமானது, 'இப்போது வேண்டாம்' என்று சொல்வது. ஒரு கட்டடத்துக்குப் பெரிய தொகை திரட்ட வேண்டுமென்றால், அறிவிப்பதற்கு முன் பெரிய தொகை தரக்கூடியவர்களைத் தனித்தனியாகச் சந்தித்து, யார் என்ன சொன்னார் என்று வெளியே சொல்ல மாட்டோம் என உறுதி கொடுத்து, மனதில் உள்ளதைக் கேட்போம். இலக்கில் பாதியாவது உறுதியான பிறகு ஊரறியச் சொல்வதுதான் வழக்கம். அந்தப் பாதி கண்ணில் படாவிட்டால் நிர்வாகக் குழுவிடம் அதை அப்படியே சொல்ல வேண்டும். முகம் சுருங்கும், பரவாயில்லை.

அப்புறம் கமிஷன். விற்பனையிலிருந்து வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். திரட்டிய பணத்தில் சதவீதம் வாங்காதீர்கள். 1960-ல் தொடங்கிய அமெரிக்க நிதி திரட்டுநர் சங்கத்தின் நெறிமுறையே அதைத் தடை செய்கிறது. பங்கு கிடைக்கும் என்றால் தயங்குகிறவரையும் நெருக்கத் தோன்றும். வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

எடுத்தவுடன் ஆலோசகராக வேண்டாம். ஒரு நிறுவனத்துக்குள் நாலைந்து வருடம் இருங்கள். நிதி திரட்டுகிறவர்களின் தொழில் தகுதிக்குத் தரப்படும் சிஎஃப்ஆர்இ (CFRE) சான்றிதழுக்கும் பரீட்சையோடு பணி அனுபவம் காட்ட வேண்டும், 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே பழைய கடிதக் கோப்பையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக ஒத்துப் பாருங்கள்.