பழைய லேத்துக்கு எந்த மோட்டார்?

கேள்வி: வீட்டுப் பின்கட்டில் போட நாலரை அடி லேத் ஒன்று பழசாக விலைக்கு வருகிறது. அதில் இருப்பது 1 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார். எங்கள் வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். "மோட்டாரைக் கழற்றிட்டு சிங்கிள் ஃபேஸ் மாட்டித் தர்றேன்" என்கிறார் விற்பவர். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். கழற்றுகிற மோட்டார் யாருக்குப் போகும் என்றும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்!

மர ரம்பம், கிரைண்டர் போல ஒருமுறை போட்டால் தொடர்ந்து ஓடுகிற மெஷின் என்றால் நானும் சிங்கிள் ஃபேஸைத்தான் சொல்லியிருப்பேன். லேத்தில் அடிக்கடி நிறுத்தி, அளந்து, மறுபடி போட வேண்டியிருக்கும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் கெபாசிட்டர் சூடாகும், வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டிக்கிற சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் உள்ளே தேயும். ரிவர்ஸ் எடுக்கவும் மோட்டார் முழுதாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இருக்கிற மோட்டாரையே வைத்துக்கொண்டு ஒரு வி.எஃப்.டி. டிரைவ் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மாற்றித் தரும் மின்னணுப் பெட்டி) வாங்குங்கள். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி, அதே 230 வோல்ட்டில் த்ரீ ஃபேஸாகத் தரும் டிரைவ்கள் இந்த அளவு மோட்டாருக்குக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் சேர்ந்தே வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிரைவ் தருவது 230 வோல்ட், மோட்டார் 415-க்குக் கட்டியதாக இருக்கலாம். பணம் கொடுக்கும் முன் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள். நேம் பிளேட்டில் 415 வோல்ட், ஸ்டார் (மூன்று காயில்களின் ஒரு முனையை ஒன்றாக முடிந்த இணைப்பு) என்றிருந்து, உள்ளே ஆறு முனைகள் இருந்தால் பித்தளைப் பட்டைகளை மாற்றி டெல்டா (காயில்களை முக்கோணமாகச் சேர்க்கும் இணைப்பு) போட்டால் போதும். மோட்டார் 230-க்கு ஒத்துவரும். ஸ்டாரிலேயே விட்டால் இழுவை மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும், கொஞ்சம் ஆழமாக வெட்டினாலே நின்றுவிடும். சின்ன மோட்டார்களில் பெரும்பாலும் மூன்று முனைதான் வெளியே வரும். அப்படியானால் உள்ளே கட்டியிருக்கும் ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறு முனையாக எடுத்துத் தர முடியுமா என்று காயில் கட்டுபவரிடம் கேளுங்கள். அந்தக் கூலியை விலையில் குறைத்துப் பேசுங்கள். நேம் பிளேட்டில் 415 டெல்டா என்றே இருந்தால் இந்த வழி நடக்காது.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைக்காதீர்கள்; ஆன், ஆஃப், ரிவர்ஸ் எல்லாம் டிரைவிலேயே. இரும்புத்தூள் புகாத பெட்டியில் அதை வையுங்கள். குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் காற்றாடியும் மெதுவாகச் சுற்றும், சூடு ஏறும். அப்போது பெல்ட்டை மாற்றி வேகத்தைக் குறைப்பதே நல்லது. வெட்டுகிற பொருளைப் பிடிக்கும் சக் மரைபோட்டுத் திருகியதா என்றும் பாருங்கள். அப்படியானால் மோட்டார் சட்டென்று நிற்காமல் மெதுவாக நிற்கும்படி டிரைவில் நேரத்தைக் கூட்டி வையுங்கள், ரிவர்ஸில் வெட்டாதீர்கள். இல்லையென்றால் சக் கழன்று வந்துவிடும்.